விடுபட்ட பந்தி

இறுதிச்சடங்குக்குப் பொறுப்பான டெனிஷ் பெண் சபாரத்தினத்தின் வலக்கையை எடுத்து இடக்கைக்குக் கீழே மறைத்து வைத்தாள். புஷ்பராணி அதை வெளியே எடுத்து மேலே வைத்தாள். அந்தப் பெண் வேட்டியின் மடிப்பைச் சரிசெய்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கையை உள்ளே தள்ளப் பார்த்தாள். அவளுக்கு அந்த மோதிரவிரல் பிடிக்கவில்லை. நடு மூட்டில் என்றோ முறிந்து, கோணலாகப் பொருந்தி, சின்னவிரலின் மேல் ஏறிக் கிடந்த விரல் அது. பார்க்க வருகிறவர்களின் கண்ணை அது உறுத்தும் என்று மெல்லிய குரலில் டெனிஷில் சொன்னாள்.

“உறுத்தட்டும்” என்றாள் புஷ்பராணி தமிழில்.

மகள் துவாரகா அதைக் கொஞ்சம் பதமாக்கி, “கை வெளியிலேயே இருக்கட்டும் என்று அம்மா விரும்புகிறார்” என டெனிஷில் மாற்றிச் சொன்னாள். அந்தப் பெண் தலையசைத்துவிட்டுச் சால்வையை எடுத்து விரித்தாள்.

சனிக்கிழமை காலை எட்டரை மணி. சபாரத்தினம் டென்மார்க்கின் எஸ்பியர்க் நகர ஆஸ்பத்திரியில் செத்து எட்டு நாளாகியிருந்தது. பதினொரு மணிக்குத் தகனசாலை மண்டபத்தில் கிரியை. அதற்குப் பிறகு தமிழ்ச்சங்கத் தலைவர் பாலேந்திரா, இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பார். அந்தக் குறிப்பு நாலாக மடிக்கப்பட்டுப் புஷ்பராணியின் கைப்பையில் இருந்தது. எட்டு நாளாக அவள் அழுததைவிட அதைத் திருத்தித் திருத்தி எழுதியதுதான் கூட.

காரை துவாரகா ஓட்டினாள். துறைமுகப் பக்கமிருந்து அடித்த காற்று காரை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தது.

“அம்மா, இப்பவும் யோசிக்கலாம். குறிப்பிலை அந்தப் பந்தியை எடுத்துப்போட்டு வேற பிரதி அடிக்கப் பத்து நிமிசம் காணும்.”

“என்னத்துக்கு எடுக்கோணும்? பொய்யே எழுதிக் கிடக்கு?”

“பொய்யில்லை. ஆனா இது அப்பான்ர செத்தவீடு.”

“ஓம். வேற ஆற்றை செத்தவீட்டிலை நான் இதைச் சொல்லுறது?”

துவாரகா டெனிஷில் ஏதோ முணுமுணுத்தாள். சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் மறுபடி வாய் திறந்தாள். “அண்டைக்கு நானும் சிரிச்சனான் அம்மா.”

“தெரியும்” என்றாள் புஷ்பராணி.

அவர்கள் சொன்ன ‘அன்று’ பதினான்கு வருடத்துக்கு முன்னால் வந்தது. ஆனால் வினை அதற்கும் முன்னால், 1986இல், ஜூட்லாந்துத் தீபகற்பத்தின் மேற்குக்கரைச் சிறுபட்டினம் ஒன்றில் இருந்த அகதிமுகாமில் தொடங்கியது. அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஹென்னிங்குக்குப் பேஸ்போல் பைத்தியம். அணிக்கு ஒன்பது பேர் வேண்டும், அவரிடம் எட்டுப் பேர்தான் இருந்தார்கள். ஆள் தேடி முகாமுக்கே வந்துவிட்டார். பாலேந்திரா முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். எதற்கும் முதலில் பெயர் கொடுக்கிற சுபாவம் அவருக்கு அப்போதே இருந்தது. ஒரு மாதம் பயிற்சிக்குப் போனார். பேஸ்போல் சங்கப் பதிவேட்டில் பெயர் ஏறியது. முதுகில் ஒன்பது என்று போட்ட உடுப்பும் கிடைத்தது. வைலே நகரிலிருந்து எதிரணி வந்து இறங்கிய ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் அவருக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

அது எந்த வகை வயிற்றுவலி என்று ஒரே அறையில் படுத்திருந்த சபாரத்தினத்துக்குத் தெரியும். ஹென்னிங் வாசலில் நின்று தலையில் கைவைத்ததைக் கண்டு, அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு போனது சபாரத்தினம்தான். யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் பள்ளிக்கூட அணிக்கு எல்லே ஆடியவர். எல்லேயிலும் பந்தும் மட்டையும்தான், தளம் தளமாகச் சுற்றி ஓடுவதுதான். ஆனால் அதில் கையுறை கிடையாது. கடைசிப் பந்து வலப்பக்கமாக உயர்ந்து வந்தபோது, அதுவரை தொல்லை கொடுத்துக்கொண்டிருந்த தோல் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் பிடித்தார். எல்லேக்கு ஆடுகிற பந்து மெத்தென்று இருக்கும். இது கல்மாதிரிப் பந்து. விரல் முறிந்தது, பந்து விழவில்லை, ஹென்னிங்கின் அணி வென்றது.

பதிவில்லாத ஒருவன் இன்னொருவன் பெயரில் ஆடினான் என்று தெரிந்தால் வெற்றியைப் பறித்துவிடுவார்கள், வாய் திறக்காதே என்று ஹென்னிங் கெஞ்சினார். அகதி விண்ணப்பம் இன்னும் பொலிஸ் மேசையில் கிடந்தபடியால் சபாரத்தினத்துக்கும் பயம். அடுத்த நாள் உள்ளூர்ப் பத்திரிகையில் நாலு வரி வந்தது: பாலேந்திரா என்ற தமிழ் அகதி வெறுங்கையால் பந்தைப் பிடித்தார். பாலேந்திராவின் வயிற்றுவலி அன்றே சுகமாகி, அவர் நூலகத்துக்குப் போய் அந்த நாலு வரியைப் பிரதி எடுத்துவந்தார்.

முறிந்த விரலோடு இருந்தவர் கதவில் நசிந்தது என்று முகாம் தாதியிடம் சொன்னார்.

முப்பத்தொரு வருடத்துக்கு முன் கலியாணமாகி வந்த முதல் கிழமையில், விரலைப் பிடித்துப் பார்த்து “இது என்னப்பா?” என்று கேட்டபோது புஷ்பராணிக்கு இந்தக் கதை தெரியவந்தது. அப்போது அவள் சிரித்தாள். இளம் பெடியங்களின் விளையாட்டு என்று நினைத்தாள். அதற்குள் பாலேந்திரா சங்கத் தலைவராகியிருந்தார். தமிழ் வானொலியில் சனிக்கிழமைதோறும் அவருடைய குரல்தான். அந்த நாலு வரியும் கண்ணாடிச் சட்டம் போட்டு அவர் வீட்டு வரவேற்பறையில் தொங்கியது. சங்கத்தின் இருபதாம் ஆண்டு மலரில் அந்தப் பிடியைப் பற்றி மூன்று பக்கம் எழுதினார். வருடத்துக்கு வருடம் பந்து இன்னும் கொஞ்சம் உயரத்திலிருந்து வந்தது.

பிறகுதான் அந்த ஆண்டுவிழா. அறிவுப் போட்டியை நடத்தியவர் பாலேந்திரா. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, கூச்சப்படுகிறவர்போலத் தலையைச் சாய்த்து, “டென்மார்க்கிலை பேஸ்போல் விளையாடின முதல் தமிழர் ஆர்?” என்று கேட்டார். இருநூறு பேர் இருந்த மண்டபத்தில் சபாரத்தினம் கையை உயர்த்தினார். ஏன் அன்று உயர்த்தினார் என்று புஷ்பராணிக்குக் கடைசிவரை விளங்கவில்லை. எழுந்து நின்று, “சபாரத்தினம்” என்றார்.

பாலேந்திரா ஒரு கணம் பார்த்தார். பிறகு வானொலிக் குரலில் சொன்னார்: “அண்ணை, நான் உங்கட பேரைக் கேக்கேல்லை. மறுமொழியைத்தான் கேட்டனான்.”

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. பன்னிரண்டு வயது துவாரகா, கூட்டாளிப் பிள்ளைகளோடு முன்வரிசையில் இருந்து தானும் சிரித்தாள். சபாரத்தினமும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அந்தச் சிரிப்பைத்தான் புஷ்பராணியால் மறக்க முடியவில்லை. பத்துப் பேர் மத்தியில் வேட்டி அவிழ்ந்தவன் அதைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு அது.

அதற்குப் பிறகு அவர் சங்கத்துப் பக்கம் போகவில்லை. மீன் தொழிற்சாலையிலிருந்து வந்து குளித்துவிட்டுக் கணினியின் முன் உட்காருவார். அமெரிக்கப் பேஸ்போல்காரர்களைப் பற்றி வாசிப்பார். பெயர்பெற்றவர்களை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. எந்த அறிவுப் போட்டியிலும் யாரும் கேட்காத ஆட்களைத் தேடித் தேடிக் கொப்பியில் எழுதினார். அவள் வெங்காயம் வெட்டும்போது வாசித்தும் காட்டுவார்.

“இஞ்சாரும், ஜோன் பச்சோரெக் எண்டு ஒரு பெடியன். பதினெட்டு வயசு. அறுபத்து மூண்டிலை ஒரேயொரு ஆட்டம். மூண்டு தரம் அடிச்சான், மூண்டும் சரி. பிறகு முதுகு நோவு வந்து, பெரிய ஆட்டம் ஒண்டும் ஆடவேயில்லை.”

“பாவம்.”

“என்ன பாவம்? ஒரு பிழையும் விடாமல் போனவன்.”

இன்னொரு நாள் மேர்க்கல் என்று ஒருவன் வந்தான். பத்தொன்பது வயதில் ஓடும்போது இரண்டாவது தளத்தைத் தொடாமல் விட்டதற்காகச் சாகும்வரை அவனை மடையன் என்றே உலகம் கூப்பிட்டதாம். மூன்றரை அடி உயரத்தில் ஒருவன் எட்டில் ஒன்று என்ற இலக்கம் போட்ட உடுப்போடு வந்தான். ஆனால் புஷ்பராணியின் மனதில் தைத்தவன் லரி யவுண்ட் என்பவன்தான்.

“உவன் ஒரு பந்தும் எறியேல்லை” என்றார் சபாரத்தினம், கொப்பியைத் தட்டியபடி. “எறியிறதுக்கு எண்டு மைதானத்துக்கு வந்து, எறிஞ்சு பழகேக்கையே முழங்கை நொந்து திரும்பிப் போட்டான். ஆனா புத்தகத்திலை பேர் கிடக்கு, ஒரு ஆட்டம் ஆடினவன் எண்டு.”

“எங்களுக்கும் அப்பிடி ஒருத்தரைத் தெரியும்.”

“உவன் பொய் சொல்லேல்லையப்பா. புத்தகத்தின்ர சட்டம் அப்பிடி.”

யவுண்ட் என்ற அந்த அமெரிக்கர் புஷ்பராணிக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்டால் அவளுக்குப் பாலேந்திராவின் முகம்தான் வந்தது. கத்தியை வெங்காயத்தில் ஓங்கி இறக்கினாள்.

ஆஸ்பத்திரியில் கடைசிக்கு முதல் நாள் பின்னேரம் அவர் சொன்னார்: “குறிப்பு வாசிக்கிறது பாலேந்திராவே வாசிக்கட்டும். நல்ல குரல்.”

அவளுக்கு வந்த கோபத்தில் ஒரு மணித்தியாலம் அவரோடு பேசவில்லை. சாகப்போகிற மனிசனோடு ஒரு மணித்தியாலத்தை வீணாக்கினாள். யன்னல் பக்கம் திரும்பி இருந்தாள். நித்திரை என்று நினைத்திருந்தவர், கண்ணைத் திறக்காமலே மெல்லச் சொன்னார்:

“அவன் முதலே படிச்சுப் பாக்கிறேல்லை. தெரியும்தானே?”

தெரியும். எல்லோருக்கும் தெரியும். எந்தச் செத்தவீட்டிலும் எழுதிக் கொடுத்த தாளைப் பாலேந்திரா மேடையில் வைத்துத்தான் முதல்முறை விரிப்பார். முதல்தரம் வாசிக்கும்போதுதான் குரலில் உணர்ச்சி வரும் என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். புஷ்பராணி திரும்பிக் கணவனின் முகத்தைப் பார்த்தாள். வாயோரத்தில் ஏதோ இருந்ததுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. கேட்பதற்கு முன் அவர் உண்மையாகவே நித்திரையாகிவிட்டார். விடியற்காலையில் மூச்சு நின்றது.

தகனசாலை மண்டபம் நிறைந்துவிட்டது. ஐயர் கிரியையை முடித்துத் தண்ணீரைத் தொட்டார். தொழிற்சாலையில் கூட வேலைசெய்த டெனிஷ்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கறுப்பு உடுப்பில் வலப்பக்கம் இருந்தார்கள். அவர்களோடு, கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவில் ஊன்றிக்கொண்டு, எண்பத்தாறு வயது ஹென்னிங் இருந்தார். துவாரகா தொலைபேசியில் தேடிப் பிடித்து அழைத்த ஆள். வாசலில் புஷ்பராணியின் கையைப் பிடித்து, வாய் திறக்காதே என்று அன்று சொன்னது தான்தான் என்று டெனிஷில் இரண்டு தரம் சொன்னார். அவள் அவரைத் தேற்றவில்லை, பெட்டிக்குப் பக்கத்தில் கூட்டிப்போய்க் கையைக் காட்டினாள்.

பாலேந்திரா வந்து அவளுக்கு முன்னால் கைகூப்பினார். பட்டுச் சால்வை, நெற்றியில் கீற்றுத் திருநீறு, வயது எழுபதை நெருங்கியும் நேரான முதுகு.

“தங்கச்சி, எழுதினதைத் தாங்கோ. ஆர் எழுதினது?”

“நான்தான் அண்ணை.”

“நல்லம். மனைவி எழுதினதெண்டால் வாசிக்கேக்கை தன்பாட்டிலை வரும்.” தாளை வாங்கி, மடிப்பைப் பிரிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

புஷ்பராணி முன்வரிசையில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்தாள். மேடையில் அவர் தாளை விரித்தார்.

குரல் உண்மையாகவே நல்ல குரல்தான். சபாரத்தினத்தின் தாய் தகப்பன் பெயர்களைச் சொன்னபோது பின்வரிசையில் யாரோ விம்மினார்கள். படித்த பள்ளிக்கூடம், எல்லே அணி, கொழும்பு, விமானம், முகாம். ஒவ்வொரு வசனத்தையும் நிறுத்தி, மண்டபத்தைப் பார்த்து, மறுபடி தாளுக்கு வந்தார்.

“1986ஆம் ஆண்டு ஆவணி மாதம், பாலேந்திரா…”

தன் பெயரோடு நின்றுவிட்டார். மண்டபம் பொறுத்திருந்தது. துக்கம் தாங்க முடியாமல் நிற்கிறார் என்று நினைத்து ஒரு கிழவி கண்ணைத் துடைத்தாள். பாலேந்திராவின் கண்கள் மட்டும் வரி வரியாகக் கீழே இறங்கின. தண்ணீர்க் குவளையை எடுத்து ஒரு மிடறு குடித்தார். தாளை அடுத்த கைக்கு மாற்றினார்.

“1993இல் புஷ்பராணி அவர்களைக் கரம்பிடித்து, இனிய இல்லறத்தின் பயனாக…”

தாண்டிவிட்டார். தாண்டுவார் என்று புஷ்பராணி எதிர்பார்த்துத்தான் இருந்தாள். மீதியை வேகமாக முடித்து, ஆத்மா சாந்தியடையப் பிரார்த்தித்து, தாளைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு முன்வரிசை நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அவளைப் பார்க்கவில்லை.

டெனிஷ்காரர்கள் வருகிற எந்தத் தமிழ்ச் செத்தவீட்டிலும் அடுத்து நடப்பதுதான் நடந்தது. பிள்ளைகளில் ஒருவர் அதே குறிப்பை டெனிஷில் வாசிக்க வேண்டும். துவாரகா எழுந்தாள். மேடையில் அவள் தாளைப் பிடித்திருந்த விதத்தில், பெருவிரல் சரியாக அந்தப் பந்தியின் மேல் இருந்தது. புஷ்பராணிக்கு ஒரு நிமிடம் மகளின்மேல் நம்பிக்கை போய்விட்டது. இவளும் தாண்டிவிட்டால் எல்லாம் இன்று அவரோடு எரிந்துவிடும்.

துவாரகா பெருவிரலை எடுத்தாள். தாழ்ந்த, தட்டையான குரலில், ஆஸ்பத்திரியில் நோயாளியின் விபரம் சொல்கிற தாதிமாதிரி வாசித்தாள். முதலில் இளம் ஆட்களின் தலைகள் பாலேந்திராவின் பக்கம் திரும்பின. பிறகு அவர்களின் தாய் தகப்பன்மாரின் தலைகள். நாற்பது வருடம் டென்மார்க்கில் இருந்தவர்களுக்கு அவ்வளவு டெனிஷ் விளங்காமல் இல்லை. யாரோ பக்கத்தில் இருந்த கிழவிக்குக் காதில் சொன்னார்கள். கிழவி “ஆர்?” என்று சத்தமாகக் கேட்டாள்.

பாலேந்திராவின் காதுமடல்கள் சிவந்துபோயின. டெனிஷ்காரர்கள் வரிசையில் ஹென்னிங் கைத்தடியை நாற்காலியில் சாத்திவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைமாதிரிக் கையை உயர்த்தினார். துவாரகா நிறுத்தினாள்.

“ஓம், அது அவர்தான்” என்றார் டெனிஷில். “நான் அங்கே நின்றேன்.” கையை இறக்கினார்.

துவாரகா முடித்து இறங்கியதும் புஷ்பராணி எழுந்தாள். மேடைக்குப் போகவில்லை. இருந்த இடத்திலேயே நின்று, கலியாணவீட்டில் பந்திக்கு அழைக்கிற மரியாதையோடு சொன்னாள்:

“பாலேந்திரா அண்ணை, தமிழிலை ஒரு பந்தி விடுபட்டுப்போச்சு. டெனிஷ் விளங்காத ஆக்களும் இருக்கினம். ஒருக்கா வாசிச்சுவிடுங்கோ.”

“தங்கச்சி, ஐயருக்கும் நேரம்…”

“நேரம் கிடக்கண்ணை. மண்டபம் ஒரு மணிவரைக்கும் எங்கட.”

மண்டபத்தில் இருந்த இருநூறு பேரும் அவரைப் பார்த்தார்கள். மனைவி செய்கிற இந்தச் சின்ன வேண்டுகோளைச் செத்தவீட்டில் மறுக்க யாராலும் முடியாது. பாலேந்திரா எழுந்து மேடைக்குப் போனார். சட்டைப்பையிலிருந்து தாளை எடுக்க இரண்டு தரம் முயன்றார்.

“1986ஆம் ஆண்டு ஆவணி மாதம், பாலேந்திரா அவர்களுக்கு உடல்நலம் இல்லாத காரணத்தால், அன்னார் அவருடைய உடுப்பை அணிந்து, அவருடைய பெயரில் களமிறங்கி, டென்மார்க்கில் பேஸ்போல் ஆடிய முதல் தமிழரானார். கடைசிப் பந்தை வெறுங்கையால் பிடித்தவர் அன்னாரே. அந்தக் கையை நீங்கள் இன்று காணலாம்.”

வானொலிக் குரல் எங்கேயோ போயிருந்தது. வயதுபோன, மூக்கடைத்த ஒரு மனிசனின் குரல்தான் வந்தது. கடைசி வசனத்தை அவர் தாளைப் பார்த்தே வாசித்தார்.

மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை. புஷ்பராணி சிரிப்பைத்தான் எதிர்பார்த்தாளோ என்னவோ, ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். பதினான்கு வருடத்துக்கு முன் சிரித்த அதே வாய்கள் எல்லாம் மூடியிருந்தன. அவளுக்கு உடம்பு முழுக்க ஒரு சூடு பரவியது. அது நன்றாக இருந்தது. அதை ஒளிக்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை.

பிறகு பூப் போட வரிசையில் வந்தார்கள். வருகிற ஒவ்வொருவரும் முகத்தைப் பார்க்கும் முன் கையைப் பார்த்தார்கள். சிலர் குனிந்தே பார்த்தார்கள். பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள். புஷ்பராணி தலைமாட்டில் நின்றாள்.

பாலேந்திராவின் முறை வந்தது. ஒரு வெள்ளைச் செவ்வந்தியைக் காம்போடு பிடித்திருந்தார்.

“தங்கச்சி” என்றார், மற்றவர்களுக்குக் கேட்காமல். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அந்த நேரம் நான்…”

“பூவைப் போடுங்கோ அண்ணை. பின்னாலை ஆக்கள் நிக்கினம்.”

அவர் போட்டார். பூ சபாரத்தினத்தின் வலக்கையில் விழுந்து விரலை மறைத்தது. பாலேந்திரா நகர்ந்ததும் புஷ்பராணி குனிந்து அந்த ஒரு பூவை மட்டும் எடுத்தாள்.

எல்லோரும் முடிந்தபின் காலையில் வந்த டெனிஷ் பெண் மூடியைக் கொண்டுவந்தாள். மூடுமுன் கையை ஒருமுறை பார்த்தாள், பிறகு புஷ்பராணியைப் பார்த்தாள். கையைத் தொடவில்லை. மூடி இறங்கியது. துவாரகா தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

செவ்வந்தி இன்னும் புஷ்பராணியின் கையில் இருந்தது. குப்பைவாளி எந்தப் பக்கம் என்று மகளிடம் கேட்டாள்.